வாங்கியது எட்டு, எண்ணினால் தொண்ணூற்றாறு

போன வருடம் ஆரக்கிள் டேட்டாபேஸ் மென்பொருளுக்கான சப்போர்ட் ரெனியூவல் பில் வந்தபோது எங்கள் ஃபைனான்ஸ் மேனேஜர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஏம்ப்பா, எத்தனை லைசன்ஸ் வாங்கியிருக்கோம், எத்தனை ஓட்டுறோம்?" டேட்டாபேஸ் பார்ப்பவன் நான், ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆனது.

எங்களிடம் இன்டெல் சர்வர்கள் பக்கம் இருந்தது ஆரக்கிளின் உயர்நிலைப் பதிப்பான என்டர்பிரைஸ் எடிஷன் 8 பிராசஸர் லைசன்ஸ், சிப்பில் உள்ள கோர்களை (கணக்கிடும் அலகுகளை) எண்ணி வாங்குவது. கோர் எண்ணிக்கையைப் பெருக்க வேண்டிய கோர் ஃபேக்டர் இன்டெல் சிப்புக்கு 0.5, அதாவது 2 கோருக்கு 1 லைசன்ஸ். ஒரு சர்வரைப் பல மெய்நிகர் கணினிகளாக (விஎம்) பிரிக்கும் விஎம்வேரில் எட்டெட்டு விசிபியு (மெய்நிகர் கோர்) கொடுத்து இரண்டு விஎம் போட்டிருந்தோம், 16-க்கு 8, கணக்கு நேர் என்று வருடக்கணக்கில் நிம்மதியாக இருந்தோம். அந்தக் கணக்கைப் போட்டதும் நான்தான், அதனால் வேறு யாரையும் திட்ட முடியாது.

சர்வரைப் பிரித்து ஒரு பகுதிக்கு மட்டும் லைசன்ஸ் எடுக்க எப்போது விடுவார்கள் என்று சொல்ல, ஆரக்கிளின் பார்ட்டிஷனிங் பாலிசி என்று சில பக்கத்தில் ஒரு பிடிஎஃப் உண்டு. அதைப் பொறுமையாகப் படித்த அன்றுதான் வயிற்றைக் கலக்கியது. விஎம்வேர் அதில் சாஃப்ட் பார்ட்டிஷனிங் பட்டியலில் இருக்கிறது, லைசன்ஸ் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்ட அது உதவாது. விஎம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி, அது ஓடுகிற பெட்டியில் மொத்தம் எத்தனை கோர் என்றுதான் எண்ணுவார்கள். எங்கள் கிளஸ்டரில் (சர்வர் கூட்டத்தில்) 6 ஹோஸ்ட், ஹோஸ்டுக்கு 32 கோர், விமோஷன் வசதியில் ஓடிக்கொண்டிருக்கும் விஎம் இவற்றில் எங்கு வேண்டுமானாலும் தாவும். ஆக 192 கோர், 96 லைசன்ஸ். பட்டியல் விலை ஒன்று 47,500 டாலர் என்று பெருக்கினால் 45.6 லட்சம் டாலர், அதற்கு மேல் வருடா வருடம் 22 சதவீதம் சப்போர்ட். கால்குலேட்டரை இரண்டு தடவை அழித்துப் போட்டுப் பார்த்தேன்.

அந்தப் பிடிஎஃபிலேயே இது விளக்கத்துக்குத்தான், ஒப்பந்தத்தில் சேராது என்றும் எழுதியிருக்கிறது. அதை வைத்து வாதாடலாம் என்று கூட வேலை பார்ப்பவர் சொன்னார். வாதாடலாம்தான், ஆனால் எங்கள் ஒப்பந்தத்தில் 45 நாள் நோட்டீஸ் கொடுத்து ஆடிட் செய்யலாம் என்றும் இருக்கிறதே. எனக்கு ராத்திரி தூக்கம் வேண்டும்.

கடைசியில் விஎம்வேரை விட்டே வெளியே வந்தோம். 8 கோர் மட்டும் உள்ள, ஆனால் வேகம் அதிகமான சிப் ஒன்று போட்ட சின்ன சர்வர் இரண்டு, நேரடியாக லினக்ஸ். 16 கோர், 8 லைசன்ஸ், முடிந்தது. இரண்டு சர்வரும் சேர்ந்தே ஒரு லைசன்ஸ் விலையைத் தொடவில்லை. எதிர்பாராத லாபம் ஒன்றும் கிடைத்தது: ஒரு கோரை இரண்டு த்ரெட்டாகக் காட்டும் ஹைப்பர்த்ரெடிங்கில், விஎம்மின் 8 விசிபியு என்பது 8 த்ரெட்டாக மட்டுமே இருக்கலாம், இப்போது 8 முழு கோர், ராத்திரி மொத்தமாக ஓடும் பேட்ச் வேலை முன்பைவிடச் சீக்கிரம் முடிகிறது.

இன்னொரு டேட்டாபேஸ் ஐபிஎம் பவர் மெஷினில், அதன் ஏஐஎக்ஸ் இயங்குதளத்தில். அங்கே எல்பார் (மெஷினின் ஒரு பிரிவு) ஹார்ட் பார்ட்டிஷன், அதாவது எண்ணிக்கையைக் குறைக்க உதவும் பிரிவு என்று ஒப்புக்கொள்கிறார்கள், ஆனால் கோர்களைப் பகிரும் ஷேர்டு பிராசஸர் என்றால் கேப்டு ஆக, அதாவது உச்சவரம்பு போட்டதாக இருக்க வேண்டும். எங்களுடையது அன்கேப்டு! எவனோ எப்போதோ அப்படியே விட்டுவிட்டான். மெஷினை நிர்வகிக்கும் ஹெச்எம்சி கன்சோலில் 4 கோருக்கு கேப் போட ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை. அப்புறம் மாதக் கடைசியில் ரிப்போர்ட் இழுக்கிறது என்று அக்கவுண்ட்ஸிலிருந்து போன் வந்தது, அதுவரை பக்கத்து எல்பார்களின் சும்மா கிடந்த கோரைக் கடன் வாங்கி ஓடியிருக்கிறது.

டேட்டாபேஸ் எங்கே மெதுவாகிறது என்று காட்டும் ஏடபிள்யூஆர் ரிப்போர்ட் எடுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: அதற்கு டயக்னாஸ்டிக்ஸ் பேக் என்று தனி லைசன்ஸ் வேண்டும், என்டர்பிரைஸ் எடிஷனில் அது தானாகவே ஆன் ஆகி இருக்கும், தொட்டது எல்லாம் உள்ளே பதிவாகும். நான் அதை அணைத்துவிட்டு, தனி லைசன்ஸ் கேட்காத பழைய ஸ்டாட்ஸ்பேக்குக்குத் திரும்பிவிட்டேன்.

எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்துப் பழைய கிளஸ்டரைச் சுத்தம் செய்யும்போது மூன்று குளோன் (நகல்) விஎம் கிடந்தது, மூன்றிலும் ஆரக்கிள். டெஸ்டிங்குக்காகப் போட்ட பையனைக் கேட்டால், "சார், அது ஆஃப்லதானே இருந்துச்சு?" என்கிறான். ஓட வேண்டும் என்பதில்லை, இன்ஸ்டால் ஆகியிருந்தாலே கணக்கு என்று ஒப்பந்தத்தைத் திறந்து காட்டினேன். அன்று சாயங்காலமே மூன்றையும் அவனை வைத்தே அழிக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.