பின்சுவரிலிருந்து இரண்டே முக்கால் மீட்டர்

மார்ச் 9, திங்கள்

சனிக்கிழமைக் கச்சேரிக்கு இன்னும் ஐந்து நாள். இடது காதை நினைத்தே கணக்கு ஓடுகிறது. நியோஷ் என்ற அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வேலையிடங்களுக்கு வகுத்த வரம்பில் 85 டெசிபலுக்கு எட்டு மணி நேரம். மூன்று டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகும்: 88க்கு நான்கு மணி, 94க்கு ஒரு மணி, 100க்குப் பதினைந்தே நிமிடம். சின்னக் கூடத்தில் ட்ரம்ஸ் மைக் இல்லாமலே 100ஐத் தொட்டுவிடும். கிதார் அதைத் தாண்டிக் கேட்க வேண்டும், குரல் கிதாரைத் தாண்ட வேண்டும். சத்தத்தைக் குறையுங்கள் என்று சவுண்ட்காரரிடம் கேட்டு என்ன பயன்? ட்ரம்ஸை இறக்க அவர் கையில் ஃபேடர் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகுமிழ்) இல்லை.

மார்ச் 10, செவ்வாய்

காதை அடைக்கும் பிளக்குகளில் ஃபில்டர் வைத்ததையும் ஃபோமால் ஆனதையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாயிற்று. ஃபோம் அதிகம் தடுக்கிறது, ஆனால் ட்ரம்ஸின் உலோகத் தட்டான சிம்பலையும் குரலின் ‘ச’, ‘ஸ’ ஒலிகளையும் முதலில் தின்றுவிடுகிறது. போர்வைக்குள் இருந்து கேட்பது போல. ஃபில்டர் பிளக் மேலும் கீழும் கிட்டத்தட்ட ஒரே அளவாகக் குறைக்கும், வரிகள் புரியும். கூட்டத்துக்குள் நிற்க ஃபில்டர். ஸ்பீக்கர் ஓரமாகத்தான் இடம் கிடைக்கும் என்றால் ஃபோம்.

ஃபோமைப் போடுவதில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். சுருக்கம் விழாமல் மெல்லிய குச்சியாக உருட்ட வேண்டும். எதிர்ப்பக்கக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதை மேலும் பின்னும் இழுத்தால் துளை நேராகும். நுழைத்து, விரல் நுனியால் அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு ‘ம்ம்ம்’ என்று முனகினால் சொந்தக் குரல் இரண்டு காதிலும் ஒரே கனத்தில் கேட்கணும். ஒருபக்கம் சாய்ந்தால் மறுபக்கம் கசிகிறது.

மார்ச் 11, புதன்

பழைய ஃபோம் விறைத்துவிட்டது. நசுக்கினால் திரும்ப உப்பவில்லை. குப்பைக்கு.

மார்ச் 12, வியாழன்

எங்கே நிற்பது? இன்று முழுக்க இதே யோசனை.

முதல் வரிசையில் குரல் கேட்காது. குரல் வருவது மேடையின் இரு ஓரத்து ஸ்பீக்கரிலிருந்து. நடுவில் முன்னால் நிற்பவருக்கு அது தலைக்கு இருபுறமும் கடந்து போகிறது, முகத்தில் அறைவது ட்ரம்ஸின் ஸ்னேரும், கிதாரின் சொந்த ஸ்பீக்கர் பெட்டியான ஆம்பும்தான். ஆம்புக்குள் இருக்கும் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் கூர்மையான ஒலியை டார்ச் வெளிச்சம் போல நேராக அடிக்கும். ஆம்ப் தரையில் இருந்தால் கிதார்காரரின் முழங்காலுக்குத்தான் அது கேட்கும். அவர் காதுக்குப் போதவில்லை என்று ட்ரெபிளை, அதாவது அந்தக் கூர்மையை, ஏற்றுவார், நேர் எதிரே நிற்பவரின் காது கிழியும். ஆம்பை ஒரு நாற்காலி மேல் ஏற்றினாலோ பின்னால் சாய்த்தாலோ போதும், அவரே குறைத்துவிடுவார்.

பின்சுவரில் சாய்ந்து நின்றால் பாஸ் குழம்பிக் கொழகொழவென்று இருக்கும். பாஸ் கிதாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ், ஓர் அலையின் நீளம் எட்டு மீட்டருக்குச் சற்று மேல். கூடத்தின் நீளமும் எட்டு. அப்படியானால் சுவரோரத்திலும் நட்டநடுவிலும் அந்தச் சுரம் வீங்கும். சுவரிலிருந்து இரண்டு மீட்டரில் காணாமல் போகும். மூன்றில் ஒரு பங்கு, அதாவது பின்சுவரிலிருந்து இரண்டே முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு: வீக்கமும் இல்லை, ஓட்டையும் இல்லை. அங்கே, இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில்.

மார்ச் 14, சனி, மாலை

சவுண்ட்செக், அதாவது கச்சேரிக்கு முன் ஒலிச் சோதனை. கடைசியாக வாசிக்கும் குழு முதலில், முதலில் வாசிக்கும் குழு கடைசியில். அப்போதுதான் முதல் குழு வைத்தது வைத்தபடி ஆரம்பிக்கலாம். ட்ரம்ஸில் கிக், ஸ்னேர், டாம், பிறகு பாஸ், கிதார், குரல் என்று வரிசை. காலிக்கூடம் கணகணக்கிறது. ஆட்கள் நிறைந்ததும் உடம்பும் துணியும் அந்தக் கணகணப்பை உறிஞ்சிவிடும், இப்போது சரி செய்ததை அப்போது மறுபடி செய்யணும்.

பாடுபவர் மைக்கின் வலைத்தலையைக் கைக்குள் பொத்திப் பிடிக்கிறார். அது கார்டியாய்ட் வகை மைக், பின்பக்க ஒலியை வாங்காது, அதனால்தான் பாடுபவர் தன் குரலைக் கேட்க வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரை நேர் பின்னால் வைக்கிறார்கள். பொத்தினால் பின்பக்கத் துளைகள் அடைபட்டு எல்லாத் திசையும் வாங்கும். மானிட்டர் ஒலி மைக்குக்குள் திரும்பப் போய் உடனே ஊளை. யாராவது அவரிடம் சொல்ல வேண்டும்.

மார்ச் 14, சனி, நள்ளிரவு

சொன்னார்கள். குரல் தெளிவாக இருந்தது. ஒவ்வொரு வரியும்!

மார்ச் 15, ஞாயிறு

இடது காதில் ‘ங்ஞ்ஞீ’ என்று மெல்லிய கோடு போல ஓர் ஒலி. இடைவேளையில் பேசுவதற்காகக் கழற்றிய பிளக் இருட்டில் அரைகுறையாகத் திரும்பப் போனது, முனகிச் சோதிக்கவில்லை. இரைச்சலுக்குப் பின் வரும் மந்தம் பெரும்பாலும் ஓரிரு நாளில் தெளியும். அதுவரை ஹெட்போன் கூடாது. உட்காதின் மயிரணுக்கள் செத்தால் திரும்ப முளைக்காது, அதுதான் பயம்.

இரண்டாவது பாட்டில் கிதார் செத்ததற்குக் காரணம், கிதார் ஒலியை மாற்றும் இரண்டு கால்மிதிப் பெடல்களுக்கு நடுவில் இருந்த குட்டி கேபிள். குழுவினர் எல்லாவற்றையும் பிடுங்கிப் பார்த்ததில் நான்கு நிமிடம் போனது. கிதாரை நேராக ஆம்பில் செருகியிருந்தால் பாட்டு நின்றிருக்காது. பழுதை அப்புறம் பாதி பாதியாகப் பிரித்துத் தேடிக்கொள்ளலாம்.

மார்ச் 16, திங்கள்

கோடு இருக்கிறது. இரவில் கூடுகிறது, மின்விசிறி ஓடினால் மறைகிறது.

மார்ச் 17, செவ்வாய்

காலையில் இரண்டு காதருகிலும் விரலோடு விரல் உரசிப் பார்த்ததில் இடதில் கொஞ்சம் மங்கல். நாளை காலையும் இப்படியே இருந்தால் ஆடியோகிராம், அதாவது கேட்டல் சோதனை.