வார்தாவில் ஒரு தறி, ஒரு கணக்கு வகுப்பு

சென்னையில் மாலை டில்லி ரயிலைப் பிடித்தால் மறுநாள் சேவாகிராம் ஸ்டேஷனில் இறங்கிவிடலாம். நான் போனது நவம்பரில். பல்லார்ஷா தாண்டியதிலிருந்து ஜன்னலுக்கு வெளியே கரிசல் மண்ணும் வெடித்து நிற்கிற பருத்தியும்தான், கோவில்பட்டிப் பக்கம் போகிற மாதிரியே இருந்தது.

சேவாகிராம் ஆசிரமம் மகாராஷ்டிரத்தில் வார்தாவிலிருந்து 8 கிலோமீட்டர். 1936-இல் காந்தி வந்து தங்கிய மண் குடில்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு அங்கே வேறு ஒன்றைப் பார்க்க வேண்டியிருந்தது. 1937 அக்டோபரில் வார்தாவில்தான் அந்தக் கல்வி மாநாடு நடந்தது, பிள்ளைகளுக்கு ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து, அதன் வழியாகவே கணக்கு, வரலாறு, அறிவியல் எல்லாம் தாய்மொழியில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பேசிய மாநாடு. நம் ஊரில் 'ஆதாரக் கல்வி' என்று சொன்னார்களே, அது இங்கிருந்து கிளம்பியதுதான். பள்ளிக்கூடத்துக்குத் தக்ளியும் (கையால் நூல் நூற்கிற சின்னக் கதிர்) பஞ்சும் எடுத்துப்போனதை இப்போதும் சொல்கிற பெரியவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். ஜாகிர் உசேன் தலைமையில் பாடத்திட்டம் எழுதிய குழுவில் இரண்டு தமிழர்கள்: காந்தியப் பொருளாதாரம் பேசிய நம் ஜே.சி. குமரப்பா, அப்புறம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆரியநாயகம். ஆரியநாயகமும் அவர் மனைவி ஆஷா தேவியும்தான் சேவாகிராமில் இந்த முறைப்படி நடந்த பள்ளியைப் பல வருஷம் கட்டிக் காத்தவர்கள்.

அந்தப் பாடத்திட்டத்தில் ஐந்தரை மணி நேரப் பள்ளியில் தொழிலுக்கு மட்டும் 3 மணி 20 நிமிஷம். அது அதிகம் என்றுதான் நினைக்கிறேன். பிள்ளைகள் செய்கிற பொருளை விற்றே பள்ளிச் செலவைச் சரிக்கட்டலாம் என்று காந்தி நம்பியதிலும் எனக்கு உடன்பாடில்லை, விற்பனை என்று வந்துவிட்டால் பிள்ளை கூலியாள் ஆகிவிடும்.

ஆசிரமத்தில் அறிமுகமான ஒருவர் மூலமாகத்தான் பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றுக்குப் போனேன். பிள்ளைகள் சம்பந்தப்பட்டது என்பதால் பெயர் எழுத வேண்டாம் என்று ஆசிரியை கேட்டுக்கொண்டார். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் தறி வகுப்பு. ஆறாம் வகுப்பு, பதினேழு பிள்ளைகள், நடுவில் ஒரு சின்ன மேடைத் தறி. ஆசிரியையை எல்லாரும் 'தாயி' என்று கூப்பிடுகிறார்கள், மராத்தியில் அக்கா என்று அர்த்தம். நாம் பாவு (நெடுக்கு நூல்), ஊடை (குறுக்கு நூல்) என்பது அங்கே தாணா, பாணா. அரைகுறை இந்தியை வைத்துக்கொண்டு நான் சமாளித்தேன், தறி முன்னால் உட்கார்ந்ததும் பாதி விஷயம் மொழியில்லாமலே புரிந்துவிட்டது.

கரும்பலகையில் கணக்கு இருந்தது. 15 அங்குல அகலத் துண்டு, அங்குலத்துக்கு 24 இழை, அப்படியானால் பாவில் 360 இழை. பாவின் நீளம் 5 மீட்டர் என்றால் மொத்த நூல் 1,800 மீட்டர். சரி, எடை எவ்வளவு வாங்க வேண்டும்? 20-ஆம் நம்பர் நூல். நம்பர் என்றால் என்ன என்று ஒரு பையன் கேட்க, ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் இருக்கிறதோ அதுதான் நம்பர், ஒரு சிட்டம் 840 கெஜம் என்றார் தாயி. நம் வயலில் விளையும் பருத்தியை எதற்குக் கெஜத்திலும் பவுண்டிலும் அளக்கிறோம் என்று இன்னொரு பிள்ளை கேட்டாளே பார்க்கணும், கணக்கு அப்படியே நின்றது, அடுத்த இருபது நிமிஷம் இங்கிலாந்து மில்கள், கப்பலில் போன பஞ்சு, துணியாகத் திரும்பி வந்தது என்று வரலாறு ஓடியது. அப்புறம் மீட்டருக்கும் கிராமுக்கும் மாற்றிப் போட்டார்கள், 53 கிராம் சொச்சம் வந்தது.

பாவு நூல் அறாமலிருக்கக் கஞ்சி போடுவார்கள். கஞ்சி போட்ட நூலில் ஒன்று, போடாத நூலில் ஒன்று, இரண்டிலும் ஒரு சொட்டு அயோடின் விட்டுக் காட்டினார் தாயி. கஞ்சி நூல் கருநீலமானது. மாவுச்சத்து பாடம் அவ்வளவுதான்.

நான் மறக்க முடியாதது அதற்கப்புறம் நடந்தது. பாவு இழைகளைப் பிரித்து நிறுத்துகிற, சீப்பு மாதிரி இருக்கிற அச்சில் ஒரு பல்லுக்கு இரண்டு இழை வீதம் கோக்க வேண்டும், 180 பல். ஒரு சிறுமி காலையிலிருந்து கோத்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பல்லுக்கு வந்தபோது கையில் ஒரே ஒரு இழைதான் மிச்சம். அழப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் நோட்டை எடுத்து ஏதோ எழுதினாள், பிறகு தாயியிடம், இழை 360 சரியாக எண்ணித்தான் கட்டினோம், அப்படியானால் எங்கேயோ ஒரு பல்லில் மூன்று போயிருக்கிறது என்றாள். தாயி தலையை மட்டும் ஆட்டினார். அவள் அச்சின் மேல் கட்டைவிரல் நகத்தை வைத்து ஒவ்வொரு பல்லாக நகர்த்திக்கொண்டே போனாள், நகம் தடுக்கிய இடம் 71-ஆவது பல். அதற்கப்புறம் இருந்த 109 பல்லையும் அவிழ்த்துத் திரும்பக் கோக்க உட்கார்ந்தாள். யாரும் சிவப்பு மையில் தப்பு என்று போடவில்லை, தறியே சொல்லிவிட்டது.

நான் சென்னிமலைக்காரி. எங்கள் வீட்டில் அப்பா தறியில் உட்கார்ந்தால் நான் ஊடை நூலைத் தாராகச் சுற்றிக் கொடுப்பேன். பாவுக் கணக்கை அவர் சுவரில் கரியால் எழுதி வைத்திருப்பார். காலையில் பள்ளியில் விகிதக் கணக்கு தெரியவில்லை என்று முட்டி போட்டு நின்றிருக்கிறேன், சாயங்காலம் அதே விகிதத்தில்தான் வீட்டில் கலர் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒன்று என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்குக் குலக்கல்வித் திட்டம் ஞாபகம் வரும், வரவும் வேண்டும். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்தது, பாதி நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில். தமிழ்நாடு கொதித்தது, 1954-இல் அவர் பதவியை விட்டு இறங்க, காமராஜர் வந்து அதைத் தூக்கிப்போட்டார். நல்ல காரியம். நெசவாளி பிள்ளை நெசவுக்கே போகட்டும் என்று யார் சொன்னாலும் நானும் எதிர்ப்பேன். நான் வார்தாவில் பார்த்தது வேறு. வக்கீல் மகன், கூலிக்காரர் மகள், கடைக்காரர் பிள்ளை எல்லாரும் ஒரே தறியில் முறை வைத்து உட்காருகிறார்கள், யாரையும் நெசவாளி ஆக்குவதற்கு அல்ல. எங்கள் ஊர்ப் பள்ளியிலும் இப்படி ஒரு தறி இருந்திருந்தால் என்று வயிறு எரிந்தது.

கிளம்புவதற்கு முன் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். தறியைக் காட்டச் சொன்னார், என்னை அல்ல. அகலம், இழை, நீளம், நம்பர் நான்கையும் கேட்டுவிட்டு, ஐந்தாவதோடு பள்ளியை விட்ட மனுஷன், கண்ணை ஒரு நொடி மூடிவிட்டு, "அம்பது அம்பத்தஞ்சு கிராம் வரும் கண்ணு. ஆனா கஞ்சி போட்டா எடை ஏறும், அதைச் சேத்தாங்களான்னு கேளு" என்றார்.

யாரும் சேர்க்கவில்லை. நான் அதை இந்தியில் சொன்னதும், 71-ஆவது பல்லில் தப்புப் பிடித்த அந்தச் சிறுமி கோப்பதை நிறுத்திவிட்டுத் தராசை எடுக்கப் போனாள்.