அப்பாவோட சிஆர்பி ரிப்போர்ட்டை நாங்க புரிஞ்சுக்கிட்ட விதம்

அப்பாவுக்கு ஹார்ட் ஃபெயிலியர், அதாவது ஹார்ட்டால ரத்தத்தை சரியா பம்ப் பண்ண முடியலன்னு தெரிஞ்சதும் ரத்த டெஸ்ட் நிறைய எழுதிக் குடுத்தாங்க, அதுல ஹெச்எஸ் சிஆர்பி, அதாவது சிஆர்பியை நுணுக்கமா அளக்கற டெஸ்ட், 14னு வந்துச்சு, பக்கத்துலயே 3க்கு மேல ஹை ரிஸ்க்னு அச்சடிச்சிருந்தாங்க, அதைப் பாத்துட்டு அம்மா சரியா சாப்பிடவே இல்ல.

டாக்டர் முதல்ல கேட்டதே சளி காய்ச்சல் இருக்கான்னு தான். நெஞ்சுச்சளிக்கு ஆன்டிபயாடிக் ஓடிட்டு இருந்துச்சு. சிஆர்பி லிவர்ல உண்டாகற புரதம், உடம்புல எங்க அழற்சி (இன்ஃப்ளமேஷன்) இருந்தாலும் ஏறும், 10ஐத் தாண்டினா பெரும்பாலும் தொற்று மாதிரி வேற காரணம் இருக்கும், அதை வச்சு ஹார்ட் ரிஸ்க் பாக்கக்கூடாது, சளி சரியாகி ரெண்டு வாரமாச்சும் கழிச்சு திரும்ப எடுங்கன்னார். எடுத்தப்ப 4 வந்துச்சு.

அப்பவும் அதிகம் தானேன்னு கேட்டேன். சிஆர்பி, அதே மாதிரி அழற்சியோட ஏறற ஐஎல் 6ங்கற புரதம் எல்லாம் கூடுதலா இருக்கற ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிங்க திரும்ப அட்மிட் ஆகறதும் இறந்துபோறதும் அதிகம்னு ஆய்வுகள்ல பாத்திருக்காங்க, உண்மைதான், ஆனா அது நிறைய பேரைச் சேத்துப் பாத்த கணக்கு, உங்கப்பா ஒருத்தரோட ஆயுசை அது சொல்லாதுன்னு பொறுமையா சொன்னார். அவர் முக்கியமா பாத்தது என்டி ப்ரோ பிஎன்பி, ஹார்ட்டோட சுவர் அழுத்தத்துல இழுபடறப்ப ஹார்ட்ல இருந்தே வர்றது, அது நல்லாவே இறங்கியிருந்துச்சு.

அப்ப அழற்சியைக் குறைக்க மருந்து குடுத்தா என்னன்னு எங்களுக்கும் தோணுச்சு. இன்ஃப்ளிக்ஸிமாப்னு ஒரு மருந்தை ஹார்ட் ஃபெயிலியர்ல குடுத்துப் பாத்து 2003ல ரிசல்ட் வந்திருக்கு, சிஆர்பி இறங்கியும் அதிக டோஸ் வாங்கினவங்களுக்கு நிலைமை மோசமாச்சு. அதனால அப்பாவோட மாத்திரை எதையும் சிஆர்பிக்காக மாத்தல.

இதை விட முக்கியமானது ஒண்ணு இருக்கு, தயவுசெஞ்சு வீட்ல பெரியவங்க கிட்ட சொல்லுங்க. அப்பா முட்டிவலிக்கு மெடிக்கல்ல டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுவார், அழற்சியைக் குறைக்கற மாத்திரை தானே, ஹார்ட்டுக்கும் நல்லதுதானேன்னு சித்தப்பா கூட சொன்னார். ஹார்ட் ஃபெயிலியர்ல அது ஆபத்து. உடம்புல உப்பையும் தண்ணியையும் தேக்கி வச்சிடும், நீர் மாத்திரை சரியா வேலை செய்யாது, கிட்னியும் அடிவாங்கும். டாக்டர் உடனே நிறுத்திட்டு வலிக்கு பாராசிட்டமால் எழுதிக் குடுத்தார்.

இப்ப தினமும் காலைல வெயிட் பாத்து நோட்ல எழுதறோம், மூணு நாளைக்குள்ள ரெண்டு கிலோவுக்கு மேல ஏறினா ரிவ்யூ தேதிக்கு காத்திருக்காம உடனே போன் பண்ணச் சொல்லியிருக்காங்க.