ஜூலை வரைக்கும் வெயிட் பண்ணாதீங்க, இன்கம்டாக்ஸ் வேலை இப்பவே இருக்கு

2026 பொங்கல் லீவு முடிஞ்சு திருப்பூர்ல கம்பெனிங்க எல்லாம் திறந்தாச்சு, ஊருக்குப் போன டெய்லருங்க பாதி பேர் இன்னும் வரல, வேலை சூடு பிடிக்க இன்னும் கொஞ்ச நாள் ஆகும். இந்த கேப்லதான் நான் கணக்கு பாக்கற எல்லார்கிட்டயும் ஒரே விஷயத்த சொல்லிட்டு இருக்கேன், இன்கம்டாக்ஸ் வேலைய இப்பவே ஆரம்பிச்சிருங்கன்னு. "அதெல்லாம் ஜூலைல பாத்துக்கலாம்ங்க"ன்னுதான் பதில் வரும். போன வருஷம் வேற ரிட்டர்ன், அதான் வருமான வரிக் கணக்கு, போடற கடைசி நாள ஜூலை 31ல இருந்து செப்டம்பர் 15க்கு தள்ளி, அப்புறம் இன்னும் ஒரு நாள் சேத்து குடுத்தாங்களா, அதுல இருந்து எல்லாருக்கும் தைரியம் ஜாஸ்தியாயிருச்சு.

ஆனா ஜூலைல நாம செய்யறது ஃபார்ம் நிரப்பற வேலை மட்டும்தான். மார்ச் 31 ராத்திரியோட அந்த வருஷம் மூடிரும், அதுக்கப்புறம் நடந்தத சொல்ல முடியுமே தவிர மாத்த முடியாது. பில்லுல காசு கழிச்ச யார்கிட்ட அதுக்கான டெபிட் நோட் வாங்கணும், எந்த பாக்கிய வசூல் பண்ணணும், அட்வான்ஸ் டாக்ஸ், அதான் வருஷம் முடியறதுக்குள்ளயே கட்டற வரி, கட்டணுமா, இதெல்லாம் ஜனவரி பிப்ரவரி மார்ச்ல மட்டும்தான் கையில இருக்கற விஷயம். இதுல இன்னொரு குழப்பம், ஏப்ரல் 1, 2026ல இருந்து புது வருமான வரிச் சட்டம், அதனால எல்லாமே மாறிரும்னு சில பேர் கைய கட்டி உக்காந்திருக்காங்க. 2026 மார்ச் 31 வரைக்கும் சம்பாதிச்சதுக்கு பழைய 1961 சட்டம்தாங்க, அதனால தெரிஞ்ச ரூல்தான், தயங்க வேண்டியதில்ல.

முதல் வேலையா பேங்க் ஸ்டேட்மென்ட்ட எடுங்க. ஏப்ரல்ல இருந்து டிசம்பர் வரைக்கும், எல்லா அக்கவுன்டும், நெட் பேங்கிங்ல எக்செல்லாவே டவுன்லோட் ஆகும். உக்காந்து ஒவ்வொரு வரவுக்கும் பக்கத்துல இது என்ன பணம்னு எழுதுங்க. இது கேக்க சின்ன வேலையாட்டம் இருக்கும், ஆனா மொத்த டாக்ஸ் வேலைல முக்கால்வாசி இதுதான். ஏன்னா யுபிஐ வந்தப்புறம் நம்ம அக்கவுன்ட்ல வியாபார பணமும் வீட்டு பணமும் ஒண்ணா கலந்து கிடக்கு. எங்க ஏரியால பவர்டேபிள், அதான் கரன்ட்ல ஓடற தையல் மெஷின், வச்சு கூலிக்கு தைக்கற ஒரு அண்ணனோட ஸ்டேட்மென்ட்ட எடுத்துக்கங்களேன், மேல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி போட்ட தையல் கூலி, அதுக்கு கீழ மச்சான் திருப்பிக் குடுத்த கைமாத்து, அதுக்கு கீழ சீட்டு எடுத்த பணம், அப்புறம் பொண்ணு ஸ்கூல் டூருக்காக மத்த பசங்க வீட்ல இருந்து ஜிபேல அனுப்பிச்ச காசு, நடுவுல தெரியாத நம்பர்ல இருந்து ஒரு 18,000. இதுல வருமானம் எது, கடன் எது, நம்மது இல்லாத காசு எதுன்னு ஜனவரில கேட்டா அவருக்கு ஞாபகம் இருக்கு. ரெண்டு வருஷம் கழிச்சு நோட்டீஸ் வந்து கேட்டா யாருக்கு ஞாபகம் இருக்கும்? கணக்கு சொல்ல முடியாத வரவ வருமானமாத்தான் எடுத்துக்குவாங்க, அதுக்கு வரியும் சாதா ரேட்ல வராது, ரொம்ப ஜாஸ்தி.

கைமாத்து விஷயத்துல இன்னொண்ணு, 20,000 அல்லது அதுக்கு மேல கடன ரொக்கமா வாங்கக் கூடாது, வாங்கினா வாங்கின தொகை அளவுக்கே அபராதம் போட சட்டத்துல இடம் இருக்கு. சொந்தக்காரங்களா இருந்தாலும் பேங்க் வழியாவே வாங்குங்க, குடுங்க.

மொய் பணத்தப் பத்தி எல்லாரும் கேக்கறாங்க, அத கொஞ்சம் விரிவாவே சொல்லிடறேன். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பொண்ணுக்கு வர்ற மொய்க்கு வரி கிடையாது, எவ்வளவு வந்தாலும். ஆனா காதுகுத்து, சீர், புதுமனை புகுவிழா இதுக்கெல்லாம் அந்த விலக்கு இல்ல. அங்க சொந்தக்காரங்க குடுத்ததா வெளியாளு குடுத்ததான்னு பாப்பாங்க. சட்டத்துல சொந்தக்காரங்கன்னா அப்பா அம்மா, தாத்தா பாட்டி, பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க, கூடப்பிறந்தவங்க, வீட்டுக்காரர் இல்ல வீட்டுக்காரம்மா, அவங்க கூடப்பிறந்தவங்க, அப்பா அம்மாவோட கூடப்பிறந்தவங்கன்னு ஒரு லிஸ்ட் இருக்கு. தாய்மாமன் அந்த லிஸ்ட்ல வந்துருவார், அதனால மாமன் சீர் எவ்வளவு செஞ்சாலும் பிரச்சனை இல்ல. ஆனா சித்தப்பா பையன், பெரியம்மா பொண்ணு, பங்காளிங்க எல்லாம் நமக்கு எவ்வளவு நெருக்கமா இருந்தாலும் சட்டப்படி வெளியாளுங்கதான். அந்த மாதிரி வெளியாளுங்ககிட்ட இருந்து வருஷத்துக்கு மொத்தமா 50,000 தாண்டிருச்சுன்னா தாண்டின பகுதிக்கு மட்டும் இல்ல, முழுசுக்குமே வரிக் கணக்குல வரும். அதனால மொய் நோட்ட பத்திரமா வைங்க. யாரு, எந்த ஊரு, எவ்வளவுன்னு அதுல இருக்கற மாதிரி தெளிவான ரெக்கார்டு எந்த ஆபீஸ்லயும் இருக்காது. அத பாத்து பாத்து எழுதற நம்ம ஆளுங்களுக்கு வியாபார வரவ எழுதறது கஷ்டமே இல்ல, அதே கவனத்த வாரா வாரம் சனிக்கிழமை சம்பளம் போட்டு முடிச்சதும் அரை மணி நேரம் இங்கயும் குடுத்தா போதும்.

ரெண்டாவது, இன்கம்டாக்ஸ் போர்ட்டல்ல லாகின் பண்ணி 26ஏஎஸ்ஸும் (நம்ம பேர்ல புடிச்சுக் கட்டின வரியோட லிஸ்ட்) ஏஐஎஸ்ஸும் (வருஷத் தகவல் அறிக்கை) பாருங்க. நம்மள பத்தி டிபார்ட்மென்ட்டுக்கு ஏற்கனவே என்ன தெரியும்ங்கறது ஏஐஎஸ்ல இருக்கும், எஃப்டி வட்டி, ஷேர் வித்தது, ஜிஎஸ்டி டர்ன்ஓவர், சேவிங்ஸ் அக்கவுன்ட்ல வருஷத்துக்கு 10 லட்சத்துக்கு மேல ரொக்கம் கட்டினது, 30 லட்சத்துக்கு மேல இடம் வாங்கினது வித்தது எல்லாமே. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் புடிச்ச டிடிஎஸ்ஸுக்கு (நமக்கு பணம் போடறப்பவே கழிச்சு அரசுக்கு கட்டற வரி) கம்பெனிங்க ஜனவரி 31க்குள்ள ரிட்டர்ன் போடணும், அதனால பிப்ரவரி நடுவுல பாத்தீங்கன்னா ஒன்பது மாச டிடிஎஸ் அங்க தெரியணும். தெரியலன்னா அப்பவே போன் போடுங்க. பேன் நம்பர்ல ஒரு எழுத்து மாறியிருக்கும், இல்ல புடிச்சுட்டு கட்டாமயே விட்டிருப்பாங்க. ஜூலைல போய் கேட்டா அந்த அக்கவுன்டன்ட் அவங்க சொந்த வேலைல மூச்சு முட்டிட்டு இருப்பார், திருத்தி ரிட்டர்ன் போட்டு அது நம்ம 26ஏஎஸ்ல ஏற வாரக்கணக்குல ஆகும்.

இந்த டிடிஎஸ் சின்ன காசு இல்லீங்க. ஒரு கணக்கு போட்டு பாருங்க, வருஷத்துக்கு 40 லட்சம் தையல் கூலி பில்லு போடறார்னா 1% வீதம் 40,000 புடிச்சிருப்பாங்க. அவர் 44ஏடில, அதான் சின்ன வியாபாரிங்க டர்ன்ஓவர்ல இத்தன பர்சென்ட் லாபம்னு காட்டற பிரிவுல, கணக்கு காட்டினா, பணம் பூரா பேங்க்ல வந்திருந்தா டர்ன்ஓவர்ல 6%, ரொக்கமா வந்ததுக்கு 8%, அதான் குறைஞ்சபட்ச லாபம். 40 லட்சத்துக்கு 6%ன்னா 2,40,000. 2025-26 வருஷத்துக்கு புது ரெஜிம்ல (ரெண்டு வரி முறைல புதுசு) 4 லட்சம் வரைக்கும் வரியே இல்ல, அதனால வேற வருமானம் இல்லன்னா அந்த 40,000 முழுசும் திரும்பி வர வேண்டிய பணம். ரிட்டர்ன் போடலன்னா வராது, அவ்வளவுதான். ஒரு நல்ல ஓவர்லாக் மெஷின் வாங்கற காசு அது.

இந்த 6% விஷயத்துல என் கருத்து ஒண்ணு இருக்கு. அது குறைஞ்சபட்சம்தான், உண்மையா கையில நின்னது அதுக்கு மேலன்னா மேல உள்ளதத்தான் காட்டணும், சட்டமும் அதான் சொல்லுது. முன்னாடியாவது வரிக்கு பயந்து குறைச்சு காட்டினாங்க, இப்ப புது ரெஜிம்ல 12 லட்சம் வரைக்கும் ரிபேட்ல, அதான் வரித் தள்ளுபடில, வரி போயிருது. 7 லட்சம் நின்னா 7 லட்சம்னு காட்டுங்க, வரி சைபர்தான். நாளைக்கு மெஷினுக்கு, வீட்டுக்கு லோனுக்கு போனா பேங்க்ல கேக்கறது பழைய ரிட்டர்ன்தான், அதுல 2,40,000ன்னு இருந்தா மேனேஜர் எப்படி 20 லட்சம் குடுப்பார்? குறைச்சு காட்டி தனக்கு ஒண்ணும் மிச்சமாகாம லோனும் கெட்டுப் போறத பாக்கறப்ப மனசு கஷ்டமா இருக்கு. அதே சமயம் 12 லட்சம் வரைக்கும் வரி இல்லன்னா ரிட்டர்னும் வேண்டாம்னு ஒரு பேச்சு ஓடுது, அது தப்பு. 4 லட்சம் தாண்டினாலே ரிட்டர்ன் போட்டாகணும். வருமானம் அதுக்கு கீழ இருந்தாலும் வியாபார டர்ன்ஓவர் 60 லட்சம் தாண்டினாலோ, டிடிஎஸ் 25,000 வந்தாலோ, கரன்ட் பில்லு வருஷத்துக்கு 1 லட்சம் தாண்டினாலோ கட்டாயம். பவர்டேபிள் ஓட்டறவங்களுக்கு கரன்ட் பில்லு சொல்லவே வேண்டாம். ஷேர்ல வந்த ஷார்ட் டேர்ம் லாபத்துக்கு அந்த ரிபேட் கிடையாதுங்கறதயும் டீமேட் வச்சிருக்கற பசங்க கவனிச்சுக்கங்க. அப்புறம் கமிஷன் வருமானக்காரங்களுக்கு, இன்சூரன்ஸ் ஏஜென்ட் மாதிரி, 44ஏடி பொருந்தாது, அவங்க செலவுக்கு பில்லு வச்சு கணக்கு எழுதித்தான் ஆகணும்.

பார்ட்டி பணத்த கழிச்சுட்டு போடறது இங்க தினப்படி நடக்கறது. பில்லு ஒரு லட்சத்துக்கு போட்டிருப்போம், பீஸ் ஷார்ட்டேஜ், டேமேஜ், லேட்டுன்னு 6,000 கழிச்சு, டிடிஎஸ்ஸும் கழிச்சு மிச்சத்த போடுவாங்க. நம்ம ஜிஎஸ்டில ஒரு லட்சம் ஏறியிருக்கும், பேங்க்ல 93,000 இருக்கும், பார்ட்டி புக்ல 94,000 இருக்கும். இதுக்கு டெபிட் நோட்டு கேட்டு வாங்கறதும் லெட்ஜர் ஒத்துப் பாக்கறதும் மார்ச்சுக்குள்ள முடியணும். ஏப்ரல்ல போய் கேட்டா அது போன வருஷ கணக்கு, மூடியாச்சும்பாங்க.

பாக்கி வசூல்ல நம்ம பக்கம் ஒரு சட்டம் இருக்கு, நிறைய பேருக்கு தெரியல. உத்யம்ங்கற அரசு பதிவு வச்சிருக்கற குறு சிறு தொழில்காரங்களுக்கு, தைச்சுக் குடுக்கற நம்ம ஜாப் ஒர்க் யூனிட்டும் இதுல வரும், அக்ரிமென்ட் இருந்தா 45 நாளைக்குள்ள, இல்லன்னா 15 நாளைக்குள்ள பெரிய கம்பெனி பணம் குடுத்தாகணும். அந்த கெடு தாண்டி மார்ச் 31ல பாக்கி நின்னா, அந்த தொகைய அந்த வருஷ செலவா அவங்க காட்ட முடியாது, லாபம் ஏறி வரி ஏறும். அதனால மார்ச்ல அவங்க ஆடிட்டரே பணத்த குடுத்துருங்கன்னு சொல்வார். உத்யம் பதிவு ஃப்ரீதான், அரசு போர்ட்டல்ல ஆதார், பேன் வச்சு நாமளே பண்ணிக்கலாம். அந்த நம்பர பில்லுலயே அடிச்சு வைங்க, சும்மா ஃபைல்ல இருந்தா அவங்களுக்கு எப்படி தெரியும்?

வரி வர்றவங்க மார்ச் 15ஐ மறக்காதீங்க. மொத்த வரி, டிடிஎஸ் போக, 10,000 இல்ல அதுக்கு மேல வரும்னா அட்வான்ஸ் டாக்ஸ் கட்டணும். மத்தவங்களுக்கு ஜூன்ல இருந்து நாலு தவணை, 44ஏடிகாரங்களுக்கு மட்டும் மார்ச் 15க்குள்ள ஒரே தவணை. கட்டறப்ப அசெஸ்மென்ட் இயர், அதான் சம்பாதிச்ச வருஷத்துக்கு அடுத்த வருஷம், 2026-27ன்னு எடுக்கணும், நடக்கற வருஷம்னு 2025-26அ தட்டிட்டா பணம் வேற வருஷத்துல போய் உக்காந்துக்கும். தட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை வாய்விட்டு படிங்க. அட்வான்ஸ் டாக்ஸுக்கு 100ங்கற கோடு.

சம்பளக்காரங்களுக்கு வேலை கம்மிதான், ஆபீஸ்ல ப்ரூஃப் கேக்கற மாசம் இது. ஒண்ணே ஒண்ணு, நீங்க புது ரெஜிம்னா 80சி, அதான் பாலிசி மாதிரி சேமிப்புக்கு குடுக்கற வரிக் கழிவு, கிடையாது, அதனால மார்ச் கடைசில வரிக்காகன்னு சொல்லி யாராவது பாலிசி தலைல கட்ட வந்தா வாங்காதீங்க. இன்சூரன்ஸ் தேவைன்னா அது வேற பேச்சு, வருஷம் பூரா எப்ப வேணா எடுக்கலாம்.

கடைசியா போர்ட்டல். உங்க பேன்ல பதிவாகியிருக்கற மொபைல் நம்பரும் ஈமெயிலும் யாரோடதுன்னு பாருங்க. நிறைய பேருக்கு அது முதல் தடவை ரிட்டர்ன் போட்ட பிரவுசிங் சென்டர்காரரோடதா இருக்கு. நோட்டீஸ் வந்தா அவருக்குத்தான் போகும், அவர் கடைய மூடிட்டு வேற ஊரு போயிருந்தா உங்களுக்கு தெரியவே தெரியாது. ப்ரொஃபைல்ல போய் உங்க நம்பருக்கு மாத்தி, பாஸ்வேர்டயும் புதுசா வைங்க. ரீஃபண்டு ஜாஸ்தி வாங்கித் தர்றேன், எனக்கு இத்தன பர்சென்ட் குடுங்கன்னு வர்றவங்க கையில அந்த பாஸ்வேர்ட குடுக்காதீங்க, அவங்க இல்லாத டொனேஷனையும் வாடகையையும் போட்டு வாங்கற காசுக்கு வட்டியோட, அபராதத்தோட பதில் சொல்ல வேண்டியது பேன்ல பேர் இருக்கற நீங்கதான். இந்த வாரம் ஸ்டேட்மென்ட்ட டவுன்லோட் பண்ணிருங்க, 26ஏஎஸ்ஸ பிப்ரவரி 15க்கு மேல பாருங்க. அதுல டிடிஎஸ் ஏறாம இருந்து பார்ட்டிகிட்ட எப்படி கேக்கறதுன்னு தெரியலன்னா கமென்ட்ல சொல்லுங்க, மெயில் எப்படி எழுதணும்னு நான் எழுதித் தர்றேன்.