சேகோ சல்லடைக்குக் காப்புரிமை வாங்கிய அனுபவம்

சேலம் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்கு மெஷின் செய்து கொடுக்கும் பட்டறை எங்களுடையது. குச்சிக்கிழங்கை ராஸ்பரில் அரைத்ததும் அது ஆடும் சல்லடைக்கு வரும். மேலே நீர் தெளிக்க, மாவுப் பால் துணி வழியாக இறங்கித் தொட்டிக்குப் போகும், திப்பி, அதாவது கிழங்குச் சக்கை, மேலே தங்கும். அந்தத் திப்பியோடு போகிற மாவும், அதைக் கழுவச் செலவாகும் தண்ணீரும்தான் ஆலைக்காரர்களின் தீராத கவலை.

நாங்கள் செய்த மாற்றம் சிறியது. சல்லடை முன்னே தள்ளும்போது திப்பி துணியோடு அப்பிக்கொள்கிறது, பின்வாங்கும்போது சற்றே தளர்கிறது. தளரும் அந்த நொடியில் மட்டும் நீர் விழும்படி, சல்லடையை ஆட்டும் அதே எக்ஸென்ட்ரிக் ஷாஃப்டில் (சுழற்சியை முன்பின் ஆட்டமாக மாற்றும் தண்டு) ஒரு கேம் (சுழலும்போது மேடான பக்கத்தால் தள்ளும் வட்டு) பொருத்தி அதை வால்வோடு இணைத்தோம்.

பட்டறையில் ஓட்டிப் பார்த்து சரி என்று தெரிந்தவுடன், ஆலைக்குக் கொண்டுபோகும் முன்பே புரொவிஷனல் (தற்காலிக) காப்புரிமை விண்ணப்பம் போட்டுவிட்டோம். நாலு பேர் பார்க்க ஓடிய மெஷினை அப்புறம் புதியது என்று நிரூபிப்பது சிரமம். தனிநபர் பெயரில் ஆன்லைனில் போட்டால் கட்டணம் 1,600 ரூபாய். அன்றிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுக்க வேண்டும். அதனால் சேகோ தொழிலில் இருப்பவர்கள் சீசன் தொடங்கும் முன்பே போடுவது நல்லது. சீசன் முடிந்து போட்டால், அந்த 12 மாதத்தில் முதல் சில மாதங்கள் கிழங்கே இல்லாமல் கழிந்துவிடும்.

விண்ணப்பத்தை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத வேண்டும். நாங்கள் பிடித்த காப்புரிமை ஏஜென்ட், வரைபடத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போகாமல் பட்டறைக்கு வந்து மெஷின் ஓடுவதை நின்று பார்த்தார். அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு அது ஒன்றே போதும்.

முழு விண்ணப்பம், பரிசோதனைக் கோரிக்கைக்கு 4,000 ரூபாய் எல்லாம் தடையில்லாமல் போயின. காப்புரிமை அலுவலகத்திலிருந்து முதல் பரிசோதனை அறிக்கை வந்தபோதுதான் உண்மையான வேலை ஆரம்பித்தது. காப்புரிமைச் சட்டம் 1970, பிரிவு 3(எஃப்): தெரிந்த கருவிகளைத் தெரிந்த விதத்தில் சேர்த்து வைத்து, ஒவ்வொன்றும் தன் வேலையைத் தனியாகச் செய்தால் அது கண்டுபிடிப்பு ஆகாது. சல்லடையும் பழையது, தெளிப்பானும் பழையது என்பது ஆட்சேபம். எங்கள் ஃபோர்மேனும் முன்பு இதையேதான் கேட்டார்: “தண்ணி தெளிக்கறது ஒண்ணும் புதுசு இல்லீங்களே?”

நியாயமான கேள்விதான். மெஷின் தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் இது வரும். பாகங்களின் பட்டியலை இன்னும் நீளமாக எழுதினால் பதில் ஆகாது. இரண்டும் சேர்ந்தால் மட்டுமே நடக்கிற ஒன்று இருக்கிறது என்று காட்ட வேண்டும். ஏஜென்ட் ஒரு சோதனை சொன்னார்: நீரின் அளவு, கிழங்கு, வேகம் எல்லாம் அதே, கேமை மட்டும் ஷாஃப்டில் திருப்பி வைத்து, முன்னே தள்ளும்போது நீர் விழும்படி ஓட்டுங்கள். ஓட்டினோம். இரண்டு முறையிலும் வந்த திப்பியைத் தனித்தனியாகச் சாக்கில் பிடித்து, மீண்டும் கழுவி, தெளிய வைத்து, அடியில் தங்கிய மாவைக் காயவைத்து எடை போட்டோம். திருப்பி வைத்து ஓட்டிய திப்பியில் தெளிவாகவே அதிக மாவு இருந்தது. இதைவிட நல்ல பதில் வேறு கிடையாது என்று நினைக்கிறேன்.

அறிக்கைக்குப் பதில் தர 6 மாதம் உண்டு. அந்த எடைக் கணக்கை இணைத்து அனுப்பினோம். விசாரணை வீடியோ மூலமே நடந்தது. சல்லடை, தெளிப்பான் என்று பொதுவாகக் கேட்டிருந்த உரிமைக்கோரிக்கையை (எதற்குக் காப்புரிமை கேட்கிறோம் என்று சொல்லும் பகுதி) சுருக்கி, ஆட்டத்தோடு நேரம் பொருந்தித் திறக்கும் வால்வு என்று மாற்றினோம். அதற்குத்தான் காப்புரிமை கிடைத்தது, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுக்கு. மூன்றாம் ஆண்டிலிருந்து புதுப்பிப்புக் கட்டணம் கட்டி வர வேண்டும்.

கேமுக்குப் பதிலாக ஒருவர் சென்சார் வைத்து அதே நேரத்தில் வால்வைத் திறந்தால் என்ன ஆகும் என்று பட்டறையில் கேட்கிறார்கள். அதையும் ஏஜென்ட் தனிக் கோரிக்கையாக முதலிலேயே எழுதியிருந்தார்.