விற்பதற்கு ஒன்றும் இல்லாதவர்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் பழைய சாமான் வாங்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள். பர்மா தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் வாளி, ஊறுகாய் ஜாடி, சட்டம் போட்ட சாமி படம், நிலையோடு பெயர்த்து எடுத்த கதவு என்று கடை கடையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். வாங்குகிறவர்களுக்கு அது அழகுச் சாமான். எனக்கு அது ஒவ்வொன்றும் எங்கள் செட்டிநாட்டில் முற்றம் வைத்துக் கட்டிய ஏதோ ஒரு பெரிய வளவு வீட்டின் கெட்ட காலத்தில் வாசல் தாண்டி வந்த பொருள். பங்காளிகள் பிரித்துக்கொண்டு விற்றிருப்பார்கள், பெண் கல்யாணத்துக்காக விற்றிருப்பார்கள், ஒழுகுகிற கூரைக்கு ஓடு மாற்றக் காசில்லாமல் விற்றிருப்பார்கள்.

வறுமை ஏன் ஒழியமாட்டேன் என்கிறது என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு முதலில் இந்தத் தெருதான் ஞாபகம் வரும்.

அந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார், அதாவது பர்மாவில் வட்டிக்கடை நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், அங்கே இழந்தது கொஞ்சநஞ்சம் இல்லை. 1942இல் ஜப்பான் படை உள்ளே வந்தபோது கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்கள் உண்டு. 1948இல் அங்கே நிலத்தை நாட்டுடைமை ஆக்கும் சட்டம் வந்தது. 1964இல் மிச்சம் இருந்த கடை கண்ணியும் அரசாங்கத்துக்குப் போயிற்று. ஒரு தலைமுறைக்குள் இவ்வளவும் போனால் அத்தனை குடும்பமும் தெருவுக்கு வந்திருக்க வேண்டும், இல்லையா? சில குடும்பங்கள் வரத்தான் செய்தன, அந்தக் கஷ்டத்தை நான் சின்னதாகச் சொல்லவில்லை. ஆனால் பல வீடுகள் ஒரேயடியாக விழவில்லை, படிப்படியாக இறங்கின. முதலில் வெள்ளிச் சாமான் போனது, அப்புறம் வைரத் தோடு, அப்புறம் பித்தளை அண்டா, கடைசியில் தூணும் கதவும். அப்படி இறங்குகிற இருபது முப்பது வருஷத்துக்குள் பையன்கள் படித்து முடித்து பேங்க் வேலைக்கும் இன்ஜினியரிங்குக்கும் போய்விட்டார்கள். இறங்குவதற்கு அவர்களுக்கு அவகாசம் கிடைத்தது, அந்த அவகாசத்தை அந்தச் சாமான்கள் வாங்கிக் கொடுத்தன.

அதே வீட்டில் சமையல் பார்த்த அம்மாவுக்கும், சுண்ணாம்பு அரைத்துக் கொடுத்த சித்தாளுக்கும், வாசல் காத்தவருக்கும் அப்படி ஒரு அவகாசம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஏழை யார் என்று என்னைக் கேட்டால், ஒரு கெட்ட மாதம் வந்தால் விற்க ஒன்றும் இல்லாதவர் என்பேன். சம்பாத்தியம் எவ்வளவு என்பது அடுத்த கேள்வி.

எங்கள் தெருக்கோடியில் ஓர் அக்கா இருக்கிறார், பெயர் வேண்டாம். அவர் வீட்டுக்காரர் கொத்தனார், நல்ல வேலைக்காரர், பூச்சு வேலைக்கு அவரைத்தான் கூப்பிட வேண்டும் என்று தேடி வருவார்கள். சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்துபோனது. ஆபரேஷன் முதலமைச்சர் காப்பீட்டில் முடிந்துவிட்டது, கைக்காசு பெரிதாகப் போகவில்லை, அதை நன்றியோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அவர் சாரம் ஏறவில்லை. கூலி நின்றுபோனது, வயிறு நிற்குமா? அக்காவிடம் இருந்தது இரண்டு பவுன் செயின், அது பேங்குக்குப் போனது. அங்கே முக்கால் வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் 75 காசு. அந்தப் பணம் தீர்ந்ததும் குழு லோன், வாராவாரம் கட்ட வேண்டும், ஒருத்தர் கட்டாவிட்டால் மற்றவர்கள் வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அந்தத் தவணையைக் கட்டுவதற்காகக் கடைசியில் ஒருவரிடம் பத்து வட்டிக்குப் பத்தாயிரம் வாங்கினார். மாதம் ஆயிரம் வட்டி. ஒரு வருஷம் கட்டினால் பன்னிரண்டாயிரம் ஆகிவிடும், அப்போதும் அந்தப் பத்தாயிரம் கரையாமல் அப்படியே இருக்கும். "வட்டிதான் கட்டிக்கிட்டு இருக்கேன் தம்பி, அசல்ல கை வைக்க முடியல, வச்சா அந்த மாசம் அடுப்பு எரியாது" என்றார்.

இதை நிதானமாகப் பாருங்கள். கழுத்தில் தங்கம் இருந்தவரை முக்கால் வட்டி, தங்கம் போனதும் பத்து வட்டி. ஒரே மனுஷி, ஒரே நாணயம், பதின்மூன்று மடங்கு விலை. எண்ணெயை ஐம்பது மில்லி பாக்கெட்டில் வாங்குவது, போனுக்குச் சின்னச் சின்னதாக ரீசார்ஜ் போடுவது எல்லாம் இதே கதைதான். கையில் இல்லாதவருக்கு எல்லாமே விலை கூட. பிளஸ் டூ முடித்த அவர்கள் பையன் பாலிடெக்னிக் சேருவதாக இருந்தான், திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். வறுமை அடுத்த தலைமுறைக்குத் தாவுகிற இடம் அதுதான், அவன் சோம்பேறித்தனமா காரணம்?

இதில் வேதனை என்னவென்றால், அரசாங்கக் கணக்கில் அக்கா ஏழையே இல்லை. நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் 2019-21இல் ஏழைகள் 2.2 சதவீதம்தான். அந்தக் கணக்கில் சத்துணவு, பள்ளிப் படிப்பு, கேஸ் அடுப்பு, கழிப்பறை, கரண்ட், வங்கிக் கணக்கு எல்லாம் பார்க்கிறார்கள். அக்கா வீட்டில் எல்லாம் இருக்கிறது. கடன் எவ்வளவு என்று மட்டும் அதில் கேள்வி இல்லை.

வட்டியைப் பற்றி எங்கள் சீமைக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ரங்கூன் கடைகளில் நகரத்தார் தங்களுக்குள் கொடுக்கல் வாங்கலுக்கு நடப்பு வட்டி என்று பேசி வைத்து, நம்பிக்கையின் பேரில் குறைந்த வட்டிக்குப் பணம் புரட்டினார்கள். ஒரு பையன் பெட்டியடியில், அதாவது கடையில் தொழில் பழகும் வேலையில், சேர்ந்தால் தங்க இடம், சாப்பாடு, தொழில் பழக்கம், பின்னால் ஏஜென்ட் ஆகிற வாய்ப்பு எல்லாம் கூடவே கிடைத்தது. இன்று இதே மாவட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற பையன் ஏஜென்டுக்குக் கொடுக்க லட்சக்கணக்கில் கடன் வாங்கிக்கொண்டு விமானம் ஏறுகிறான், முதலில் அந்தக் கடனுக்குத்தான் உழைக்கிறான். இரண்டு பேரும் கடல் தாண்டியவர்கள்தான், ஒருவருக்குப் பின்னால் ஊரின் முதல் இருந்தது, இன்னொருவருக்குப் பின்னால் ஊரின் கடன்.

கடனின் மறுபக்கத்தையும் நாம்தான் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கைவசம் இருந்தது சுமார் 6 சதவீத நிலம். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது, கடன் வாங்கிய விவசாயியால் கட்ட முடியவில்லை, ஈட்டு நிலம் கைமாறியது. 1937-38 வாக்கில் அது 25 சதவீதம் ஆகிவிட்டது. நிலத்தை ஆசைப்பட்டுப் பிடுங்கினார்கள் என்று சொல்ல முடியாது, பணமாகக் கிடைத்திருந்தால் சந்தோஷமாக வாங்கியிருப்பார்கள். ஆனால் அங்கே ஒரு குடியானவன் கடைசி நிலத்தையும் இழந்தது உண்மை. விலை சரிந்தது யார் தப்பும் இல்லை, அந்த அடியைத் தாங்க அவனிடம் ஒன்றும் இல்லாமல் போனதுதான் விஷயம்.

அதே 1930-31. அப்போது செட்டிநாட்டின் பெரும்பகுதி இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தில் ஆதிதிராவிடர்களுக்கு எதிராக ஆதிக்க சாதியினர் போட்ட தடைகளை 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். தங்கமோ வெள்ளியோ நகையாகப் போடக் கூடாது, பிள்ளைகள் படிக்கக் கூடாது, சொந்தமாக நிலம் வைத்து உழக் கூடாது என்று போகிறது அந்தப் பட்டியல். முதல்முறை படித்தபோது கை நடுங்கியது. நகை, படிப்பு, நிலம் மூன்றும்தான் ஒரு குடும்பம் சறுக்கும்போது பிடித்துக்கொள்ளக் கூடியவை, மூன்றையும் குறிபார்த்துத் தடுத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் பர்மாவிலிருந்து தூண் தூணாகக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்த காலத்தில் இன்னொரு பக்கம் மூக்குத்திக்குத் தடை. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளைப் பார்த்து "அவங்க முன்னேற மாட்டாங்க" என்று இன்றைக்குச் சொல்கிறவர்களை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

குடி ஒரு காரணம் இல்லையா என்பார்கள். காரணம்தான், எங்கள் தெருவிலேயே வீடு வீடாகப் பார்த்திருக்கிறேன். 2003இலிருந்து சில்லறை மதுக்கடையை அரசாங்கமே நடத்துகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பெரிய வீட்டிலும் குடித்தே அழித்தவர்கள் இருந்தார்கள், அந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கவில்லை.

இலவசம் கொடுத்துத்தான் ஜனங்கள் கெட்டுப்போனார்கள் என்பவர்களுக்குச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. தாது வருஷப் பஞ்சம் வந்தது 1876-78இல். மதராஸ் மாகாணத்தில் லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள், அந்த நேரத்திலும் துறைமுகம் வழியாகத் தானியம் ஏற்றுமதி ஆகிக்கொண்டிருந்தது. மழை பொய்த்தால் சாவு என்பது விதி என்றுதான் அன்றைக்கு நினைத்திருப்பார்கள். எங்கள் வானம் பார்த்த பூமியில் இப்போதும் மழை பொய்க்கிறது, கண்மாய் காய்கிறது, பட்டினியால் யாரும் சாவதில்லை. ரேஷன் அரிசி 2011இலிருந்து விலையில்லாமல் வருகிறது. பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு 1956இல் காமராஜர் காலத்தில் விரிந்தது, 1982இல் எம்.ஜி.ஆர். அதைப் பெரிதாக்கினார், 2022இலிருந்து காலைச் சாப்பாடும் சேர்ந்தது. அக்கா வீட்டில் அந்த மாதங்களில் அடுப்பு எரிந்ததற்கு அந்த அரிசிதான் காரணம். ஒரு காலத்தில் மாற்றவே முடியாது என்றிருந்த பட்டினி ஒழிந்திருக்கிறது, அதனால் மிச்சம் ஒழியாது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

உலகக் கணக்கும் அதைத்தான் காட்டுகிறது. 1990இல் மூன்றில் ஒருவருக்கு மேல் கடும் வறுமையில் இருந்தார்கள், இப்போது ஏறத்தாழ பத்தில் ஒருவர். இதில் சீனாவின் பங்கு பெரியது. எனக்குப் பிடித்தது வங்கதேசத்தில் பிராக் என்ற அமைப்பு 2002இல் தொடங்கிய முறை. பரம ஏழைக் குடும்பத்துக்கு ஒரு மாடோ ஆடோ கடனாக இல்லாமல் சும்மாவே கொடுக்கிறார்கள், அது பலன் தரும்வரை சாப்பாட்டுக்குக் கொஞ்சம் பணம், வாராவாரம் வந்து பார்க்க ஓர் ஆள், ஒரு சேமிப்புக் கணக்கு. இதையே இந்தியா உட்பட ஆறு நாடுகளில் சோதித்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள், உதவி நின்ற பிறகும் அந்தக் குடும்பங்கள் மேலேயே நின்றன. கேரளா 64,006 குடும்பங்களைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித் திட்டம் போட்டு, 2025 நவம்பர் 1இல் அதிதீவிர வறுமை நீங்கிவிட்டதாக அறிவித்தது. அந்த அறிவிப்பைக் கேள்வி கேட்ட நிபுணர்களும் உண்டு, கேட்கத்தான் வேண்டும். ஆனால் வீடு வீடாகப் போய் உங்களுக்கு எது குறை என்று கேட்ட அந்த வேலை சரியான வேலை.

எங்கள் பக்கம் அப்படிக் கேட்டால் என்ன பதில் வரும்? அரிசி வேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். உழைக்கிறவர் படுத்துவிட்டால் அந்த மாதங்களுக்குக் கூலி யார் தருவார் என்பார்கள். ஆலைத் தொழிலாளிக்கு 1948ஆம் வருஷத்துச் சட்டத்தால் வந்த இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டில் இதற்கு வழி இருக்கிறது, வேலையில் அடிபட்டால் சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் குணமாகும்வரை கிடைக்கும். மேஸ்திரி கூப்பிட்ட இடத்துக்குப் போய் நாள்கூலி வாங்குகிற எங்கள் தெருக் கொத்தனாருக்கு அது எட்டவில்லை. கட்டடம் கட்டுகிறவர்களிடம் தொழிலாளர் நலனுக்கென்று செலவில் 1 சதவீதம் ஏற்கெனவே வசூலாகிறது. அந்தப் பணத்திலிருந்து, விழுந்த நாள் முதல் மறுபடி சாரம் ஏறுகிற நாள் வரை, கூலியில் முக்கால் பங்காவது கொடுங்கள். பதிவு செய்தவரா இல்லையா என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்துக் கொடுங்கள். அக்கா செயினை அடகு வைக்காமலே சமாளித்திருப்பார், பையன் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருப்பான்.