ஜார்ஜியன் பே டோப்போ மேப்: கரைக்கோட்டை எங்கதான் போடுறது

கனடால லேக் ஹ்யூரானோட கிழக்குப் பக்கம் இருக்குற ஜார்ஜியன் பே ஓரத்துக்கு முப்பதாயிரம் தீவுன்னே பேரு. 1820கள்ல பேஃபீல்டுன்னு ஒரு கடற்படை ஆபீசர் படகுலயே சுத்தி இதை சர்வே பண்ணிருக்காரு, மனுஷனுக்கு என்ன பொறுமை. நான் எடுத்துக்கிட்டது கில்லர்னி பக்கத்துல பிலிப் எட்வர்ட் தீவும் அதுக்குத் தெற்கே சிதறிக் கிடக்குற குட்டிப் பாறைத் தீவுகளும் மட்டும்தான், கயாக்ல, அதாவது துடுப்புப் போட்டுப் போற ஒடுக்கமான சின்னப் படகுல போறவங்களுக்கு 1:20,000 அளவுல ஒரு டோப்போ மேப் (நிலத்தோட மேடு பள்ளத்தையும் காட்டுற வரைபடம்) ஷீட் நானே போடுறேன்.

1:50,000ல அரசாங்க ஷீட் இருக்கேன்னு கேப்பீங்க. அதுல அரை மில்லிமீட்டர்னாலே தரையில 25 மீட்டர், அதைவிடச் சின்ன பாறையெல்லாம் காணாமப் போயிடும், ஆனா கயாக் இடிக்கிறது அதுலதானே. அதுல 10 மீட்டருக்கு ஒண்ணா வர்ற கான்டூரும் (ஒரே உயரத்துல இருக்குற இடங்களைச் சேர்க்குற கோடு) இங்க உதவாது, ஏரி மட்டமே கிட்டத்தட்ட 176 மீட்டர், முதல் கோடு 180லதான் வரும், அதுக்குள்ள பல தீவு முடிஞ்சே போயிடுது.

அதனால 1 மீட்டர் லைடார் டேட்டாவை (விமானத்துலருந்து லேசர் அடிச்சு அளந்த உயரம்) இறக்கி க்யூஜிஐஎஸ்ங்கிற மேப் சாஃப்ட்வேர்ல போட்டேன். நிலத்துக்கு அருமை, க்ரானைட்ல இருக்குற வெடிப்பு கூடத் தெரியுது. கான்டூர் மட்டும் கொசகொசன்னு வந்துச்சு, லேசா ஸ்மூத் பண்ணி 2 மீட்டர் இடைவெளி வச்சதும் படிக்கிற மாதிரி ஆச்சு, ரொம்ப ஸ்மூத் பண்ணா செங்குத்துப் பாறை எல்லாம் மேடு மாதிரி ஆயிடுது.

உண்மையான தலைவலி கரைதான். இந்த ஏரில கடல் மாதிரி தினமும் தண்ணி ஏறி இறங்குறது பெருசா இல்ல, ஆனா மட்டம் வருஷத்துக்கு வருஷம் மாறும். 2013 ஜனவரில 175.57 மீட்டருக்கு இறங்குச்சு, 1986ல 177.50 வரைக்கும் ஏறிருக்கு. செங்குத்துக் கரைன்னா பரவால்ல, இங்க பனிப்பாறை தேச்சு வழவழன்னு சரிச்சு விட்ட பாறை, ரெண்டு மீட்டர் தண்ணி இறங்கினா ரெண்டு தீவு ஒண்ணாயிடும், கயாக் போற வழியே அடைஞ்சிடும். லைடார் பறந்த அன்னைக்கு இருந்த தண்ணியைத்தான் காட்டும், அதுக்குக் கீழ ஒண்ணும் தெரியாது.

இப்போதைக்கு 176.0, அதாவது கப்பல், படகு ஓட்டுறவங்களோட நீர்வழி சார்ட்ல வச்சிருக்குற மட்டத்தை நீலக் கோடாவும், அதுக்கு மேல 177.5 வரைக்கும் புள்ளி வச்ச சாம்பல் கலராவும் போட்டிருக்கேன். லைடாரோட உயரமும் ஏரி மட்டமும் வேற வேற டேட்டம் (உயரத்தை எங்கிருந்து அளக்குறதுங்கிற அடிப்படை மட்டம்), மாத்தாம நேரா ஒப்பிடவே கூடாது. தண்ணிக்கு அடியில இருக்கிறதுக்கு கனடாவோட ஹைட்ரோக்ராஃபிக் சர்வீஸ் (நீர்நிலைகளை அளக்குற அரசு அமைப்பு) இலவசமா குடுக்குற ஆழ டேட்டா இருக்கு, கரை ஓரமாப் பாத்தா அந்த டேட்டால நிறைய ஓட்டை, அங்கெல்லாம் கோடு இழுக்காம வெள்ளையாவே விட்டிருக்கேன். அடுத்து ஊர்ப்பேர், தீவுப்பேர் எழுதணும், அந்த நெரிசல்ல எங்க வைக்கிறதுன்னுதான் பாத்துட்டிருக்கேன்.